‘ஏன் எங்கள் கல்லூரி?’ – நூறு சொல்லில் பதில் எழுதுவது எப்படி?

இந்த முறை உயர்நிலை நான்கு, ஐந்தில் படிப்பவர்களுக்காக ஒரு சின்னப் பாடம்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர ஈ.ஏ.இ என்ற முன்கூட்டிய சேர்க்கை முறை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓ லெவல் முடிவு வருவதற்கு முன்பே, உங்கள் ஆர்வத்தையும் திறனையும் பார்த்து நிபந்தனையோடு இடம் கொடுக்கிறார்கள். மூன்று படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு பத்தி எழுத வேண்டும். 600 எழுத்துக்குள் முடிக்கணும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய நூறு சொல்.

“நூறு சொல்தானே, ஒரு ராத்திரியில எழுதிடலாம்” என்று தோணும். ஆனா ஒன்றைக் கவனிங்க. கிடைத்த இடத்தை நீங்க ஏற்றுக்கொண்டு, ஓ லெவலில் அதற்கான தகுதியும் பெற்றுவிட்டால், பிறகு ஜே.ஏ.இ வழியாக வேறு படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது. அதாவது, இந்த நூறு சொல் உங்கள் அடுத்த மூன்று வருடத்தை முடிவு செய்யலாம்.

நானும் பாலிடெக்னிக் வழியாக வந்தவன்தான். இப்போது பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. நம் இளையர்கள் காட்டும் வரைவுகளைப் படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை நான்கு படிகளாகச் சொல்கிறேன்.

1. பெயரை மாற்றிப் பாருங்க

“உங்கள் கல்லூரி உலகத் தரம் வாய்ந்தது. சிறந்த ஆசிரியர்களும் நவீன வசதிகளும் உள்ளன. எனக்குச் சிறு வயதிலிருந்தே பொறியியலில் ஆர்வம்.”

இதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் இந்தப் பத்தி அப்படியே பொருந்தும். எழுதியவர் பெயரை மாற்றினாலும் பொருந்தும். அப்படியென்றால் அது எதையுமே சொல்லவில்லை.

கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது குருக்கள் சங்கல்பம் செய்வாரே, நினைத்துப் பாருங்க. எந்த இடம், எந்த நாள், யார், என்ன நட்சத்திரம், எதற்காக என்று குறிப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அர்ச்சனை தொடங்கும். உங்கள் பத்தியும் அப்படி இருக்கணும். கல்லூரியைத் துதி பாட வேண்டாம். யார் நீங்க, எதற்காக, ஏன் இங்கே? இது போதும்.

2. உங்கள் வேலையைக் கணக்கில் சேருங்க

“எங்கிட்ட எழுத ஒண்ணுமே இல்லண்ணா” என்பதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். இணைப்பாட நடவடிக்கையில் பதவி இல்லை, போட்டியில் பரிசு இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டில், கோயிலில், கடையில் செய்ததெல்லாம் ‘சும்மா உதவி’தானாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பையன் தைப்பூசத்துக்கு மாமாவின் காவடிக்கு விளக்குப் பட்டை பொருத்துகிறான். பட்டை 12 வோல்ட், 2 ஆம்பியர் இழுக்கும். மின்கலம் 7 ஆம்பியர்-மணி. ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை மணி நேரம். நடைமுறையில் அதுகூட வராது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை, கூட்டத்தில் நின்று நின்று போக ஐந்து மணி நேரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய மின்கலம் வைத்தால் தூக்குபவருக்குப் பாரம். அதனால் பட்டையைப் பாதியாக்கி, காவடியின் விளிம்பில் மட்டும் ஒட்டுகிறான். 1 ஆம்பியர்தான் இழுக்கும். கடைசி வரை எரியும்.

இது சும்மா உதவி இல்லை. தேவை, எடை, ஆற்றல் மூன்றையும் சமன் செய்வதுதான் பொறியியல். சான்றிதழ் இல்லாவிட்டாலும் இது சான்றுதான். இதைச் சொல்வது தற்பெருமை ஆகாது. செய்ததைச் செய்தேன் என்று சொல்வது உண்மை, அவ்வளவுதான்.

3. கல்லூரியைப் படியுங்க

மின்னியல், இயந்திரவியல் போன்ற படிப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட பாலிடெக்னிக்கில் இருக்கின்றன. அப்போ வித்தியாசம் எங்கே? கற்பிக்கும் விதத்தில். 2002-ல் தொடங்கிய ரிபப்ளிக் பாலிடெக்னிக், ஒரு பிரச்சினையைக் கொடுத்து அதன் வழியே கற்க வைக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. நன்யாங் பாலிடெக்னிக், தொழில்துறையின் உண்மையான வேலைகளை வகுப்புக்குள் கொண்டுவரும் ‘டீச்சிங் ஃபேக்டரி’ முறைக்குப் பெயர் பெற்றது. எது உயர்ந்தது என்பது கேள்வி அல்ல. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. பாடப் பட்டியலைத் திறந்து, நீங்க நிஜமாகவே உட்கார விரும்பும் இரண்டு பாடங்களைக் குறித்துக்கொள்ளுங்க. அங்கே படிக்கும் ஒருவரிடமாவது பேசுங்க.

4. இரண்டையும் இணையுங்க

அந்தப் பையனின் பத்தி இப்படி அமையலாம்:

“காவடிக்கு விளக்கு பொருத்தியபோது, மின்கலம் பாதி வழியில் தீர்ந்துவிடும் என்று கணக்கு காட்டியது. பெரிய மின்கலம் பாரமாகும் என்பதால் விளக்கைப் பாதியாகக் குறைத்து, இடத்தை மாற்றினேன். ஆற்றலைச் சேமிப்பதையும் கட்டுப்படுத்துவதையும் முறையாகக் கற்க விரும்புகிறேன். பிரச்சினையிலிருந்து தொடங்கிக் கற்பதே எனக்கு வருகிறது. அதனால் உங்கள் கல்லூரி.”

இதில் பெயரை மாற்றிப் பாருங்க. பொருந்தாது!

ஆங்கிலத்தில் எழுத வரவில்லையென்றால், முதலில் தமிழில் பேசி கைப்பேசியில் பதிவு செய்யுங்க. பிறகு கேட்டு எழுதுங்க. சாட்ஜிபிடியிடம் பிழை திருத்தக் கேட்கலாம், காரணத்தைக் கேட்காதீங்க. நேர்முகத்தில் “ஏன் பட்டையைக் குறைச்சீங்க?” என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

வீட்டில் ஒரு பயிற்சி

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்க: நான் செய்தது, அதில் எனக்குத் தெரியாமல் போனது, அதை அந்தக் கல்லூரி கற்றுத்தரும் விதம். எழுதியதை அம்மா அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்க. அவர்கள் கேட்கும் கேள்விகளும் உதவும்.

மூன்றாவது வரி வரவே இல்லையா? “அப்பா சொன்னார்”, “ஃப்ரெண்ட் போறான்”, “வீட்டுக்குப் பக்கம்” என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லையா? பதற வேண்டாம். பக்கத்தில் இருப்பதும் ஒரு வசதிதான், ஆனால் அது மட்டும் மூன்று வருடம் தாங்காது. பத்தியை அழகாக்குவதை நிறுத்திவிட்டு, தேர்வையே மறுபடி யோசிங்க. விண்ணப்பம் மூடும் நாளுக்கு முன்னால் அது தெரிந்தால் நல்லதுதானே?