மணிக்கட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

விடுமுறை நாட்களில் அந்தமானுக்கும், இலட்சத்தீவுகளுக்கும், கர்நாடகக் கரையை அடுத்த நேத்ராணித் தீவுக்கும் கடலடிக் காட்சி காணச் செல்லும் மாணவர் தொகை பெருகி வருகிறது. முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீரில் இறங்கும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு சிறு கருவி இருத்தல் வேண்டும். அதனை 'டைவ் கம்ப்யூட்டர்' என்பர். இக்கட்டுரையில் நாம் அதனைக் கணிப்பொறி என்றே குறிப்போம். பார்வைக்கு அது கைக்கடிகாரம் போன்றது. ஆனால் அது காட்டுவது நேரத்தை மட்டும் அன்று. இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலேறவேண்டும் என்பவற்றை அது நொடிதோறும் கணக்கிட்டுக் காட்டுகிறது.

இக்கருவியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு, அணிவது எவ்வாறு என்பதே நம் பொருள். எனினும், அது எதைக் கணக்கிடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அதனை அறியாமல் கடையில் விலை கேட்பதிற் பயனில்லை.

நீரின் சுமையும் நைட்ரஜனும்

கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கு நாம் சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் புகுகிறது.

அழுத்தம் மிகுந்தால் நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவும் அதே விகிதத்தில் மிகும் என்பது 1803 இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதனைச் செலவிடுவதில்லை. எனவே ஆழத்தில் அது இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மேலே வரும்போது அது மீண்டும் வெளியேறவேண்டும். மெதுவாக வந்தால் நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால் என்ன ஆகும்? கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன் என்ன ஆகிறதோ அதுவே ஆகும்: கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பொங்கும். மூட்டுகளிற் பொங்கினால் தாங்கொணா வலி. முதுகுத்தண்டிற் பொங்கினால் கால்கள் செயலிழக்கலாம். உயிருக்கே கேடும் விளையலாம். இந்நோயைப் 'பெண்ட்ஸ்' என்று அழைப்பர். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் கட்டியபோது ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரம்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளரை இந்நோய் வாட்டியது. தலைமைப் பொறியாளரான வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872 இல் இதற்கு ஆளாகி உடல் நலிந்தார். இதற்குக் காரணம் நைட்ரஜன் குமிழிகளே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878 இல் விளக்கினார்.

ஆடுகள் கற்பித்த பாடம்

காரணம் தெரிந்தபின், எவ்வளவு மெதுவாக ஏறினால் தீங்கில்லை என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை கண்டவர் ஜே. எஸ். ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக அவரும் பாய்காட், டாமன்ட் என்னும் இருவரும் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, 1908 இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

உடலின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்று ஹால்டேன் கொண்டார். எனவே உடலை ஐந்து திசுக்களாகக் கணக்கிற் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் 'அரைக்காலம்' வகுத்தார்: 5, 10, 20, 40, 75 நிமிடம். 5 நிமிடத் திசு, தான் ஏற்கவேண்டிய நைட்ரஜனில் பாதியை 5 நிமிடத்தில் ஏற்கும், எஞ்சியதிற் பாதியை அடுத்த 5 நிமிடத்தில் ஏற்கும், இப்படியே தொடரும்.

ஓர் எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் ஆழத்தில் 20 நிமிடம் இருக்கிறோம். மேற்பரப்பில் நைட்ரஜனின் பங்கு அழுத்தம் 0.79, அங்கே 3.16. வேறுபாடு 2.37. 5 நிமிடத் திசுவுக்கு 20 நிமிடம் என்பது நான்கு அரைக்காலம். ஆகவே வேறுபாட்டில் 94 விழுக்காடு நிறைந்துவிடும். அதன் அழுத்தம் ஏறத்தாழ 3.01 ஆகும். 40 நிமிடத் திசுவோ அரை அரைக்காலமே கண்டிருக்கிறது. 29 விழுக்காடுதான் நிறையும். அதன் அழுத்தம் 1.48. ஒரே உடல், ஒரே முழுக்கு, கணக்கோ இரண்டு. ஒவ்வொரு திசுவும் எவ்வளவு மிகுதியைத் தாங்கும் என்பதற்குத் தனித்தனி வரம்புகளை அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் வொர்க்மன் 1965 இல் வகுத்தார். விரைந்து நிறையும் திசு மிகுதியாகத் தாங்கும். மெதுவாக நிறைவது குறைவாகவே தாங்கும். பின்னர் சூரிச் நகரத்து ஆல்பர்ட் பியூல்மன் திசுக்களைப் பதினாறாக்கினார். இன்று விற்பனையாகும் கணிப்பொறிகள் பலவற்றினுள்ளும் ஓடுவது இந்தப் பதினாறு திசுக் கணக்குத்தான்.

அட்டவணை இருக்கக் கருவி எதற்கு?

முன்னாளில் இக்கணக்கை அட்டவணையாக அச்சிட்டு வைத்தனர். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை 60 அடிக்கு 60 நிமிடம், 100 அடிக்கு 25 நிமிடம் என்று சொல்லும். அதில் ஒரு குறை உண்டு. 100 அடியில் ஐந்து நிமிடமும் 40 அடியில் அரை மணியும் இருந்தவரை, முழு நேரமும் 100 அடியிலேயே இருந்தவராக அட்டவணை எண்ணும். கணிப்பொறியோ சில நொடிகளுக்கு ஒருமுறை ஆழத்தை அளந்து, உண்மையில் நாம் சென்ற வழிக்கே கணக்கு எழுதுகிறது.

இம்முயற்சி மின்னணுவியலுக்கு முன்பே தொடங்கிற்று. 1959 இல் இத்தாலியில் கார்லோ அலினாரி அமைத்த கருவியில் மின்சாரமே இல்லை. நுண்துளை உடைய ஒரு தடையின் வழியே வாயு கசிந்து செல்வதைக் கொண்டு அது திசுவை நடித்துக் காட்டிற்று. 1983 இல் 'எட்ஜ்' என்னும் மின்னணுக் கருவி அமெரிக்காவில் வந்தது. அக்கனத்த பெட்டியின் வேலையை இன்று மணிக்கட்டுக் கருவி செய்துவிடுகிறது.

தேர்ந்தெடுத்தல்

முதலாவது, எழுத்துத் தெளிவு. கடையின் விளக்கொளியிற் பளிச்சென்று தெரிவது கலங்கல் நீரில் தெரியாமற் போகலாம். ஆழத்தில் செந்நிறம் முதலில் மங்கிவிடும். ஆகவே வெறும் சிவப்பெழுத்தால் எச்சரிக்கும் கருவியை நம்பவேண்டா. ஆழம், கழிந்த நேரம், எஞ்சிய நேரம், ஏறும் வேகம் ஆகிய நான்கும் ஒரே பார்வையில் விளங்கவேண்டும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒரு கணமேனும் தயங்க நேர்ந்தால், அக்கருவி நமக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, நைட்ராக்ஸ் வசதி. ஆக்சிஜன் மிகுந்த காற்றே நைட்ராக்ஸ். பெரும்பாலும் 32 விழுக்காடு. நைட்ரஜன் குறைவாதலின் தங்கும் நேரம் கூடும். ஆனால் ஆழத்தில் ஆக்சிஜனும் நஞ்சாகும். அதன் பங்கு அழுத்தம் 1.4 ஐத் தாண்டலாகாது என்பது பொது விதி. 32 விழுக்காட்டுக் கலவைக்கு அவ்வெல்லை ஏறத்தாழ 33 மீட்டரில் வந்துவிடும். கலவையின் விகிதத்தைக் கருவியிற் குறிக்க வசதி இருத்தல் நன்று.

மூன்றாவது, முன்னெச்சரிக்கை அளவு. எல்லைக் கோட்டுக்கு எவ்வளவு உள்ளே நிற்பது என்பதை நாமே அமைத்துக்கொள்ளப் பல கருவிகளில் இடமுண்டு. சிலவற்றில் 85, 70 என்று எண்கள் இருக்கும். 85 என்றால் மேற்பரப்பை அடையும்போது வரம்பின் 85 விழுக்காட்டுக்குள் இருப்போம் என்று கொள்ளலாம். எண் குறையக் குறையக் கட்டுப்பாடு மிகும். புதியவர்கள் குறைந்த எண்ணையே கொள்வது நலம்.

நான்காவது, மின்கலம். நாமே மாற்றக்கூடியதா, பணிமனைக்கு அனுப்பவேண்டியதா, மின்னேற்றம் செய்வதா என்று கேட்டறியவேண்டும்.

சிலிண்டரின் காற்றளவையும் காட்டுவது, வரைபடம் காட்டுவது போன்ற வசதிகளுக்கு விலை ஏறும். மாணவர்க்கு அவை கட்டாயம் அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை கடலுக்குச் செல்வோர் வாங்கவே வேண்டுவதில்லை. வாடகைக்கு எடுத்தாற் போதும். ஆனால் அதில் இரண்டு செய்திகள் மனத்திற் கொள்ளத் தக்கவை. முதல் நாள் எடுத்த கருவியையே கடைசி நாள் வரை வைத்துக்கொள்ளவேண்டும். நேற்றைய நைட்ரஜன் கணக்கு அதனுள்தான் இருக்கிறது. அடுத்து, முன்பு எடுத்தவர் என்ன அமைப்பில் விட்டுச் சென்றார் என்று பார்க்கவேண்டும். அவர் 32 விழுக்காட்டு நைட்ராக்ஸ் என்று அமைத்திருக்க, நாம் வெறுங்காற்றைச் சுவாசித்துக்கொண்டு 30 மீட்டரில் இருந்தால், கருவி 24 மீட்டரில் இருப்பவனுக்குரிய கணக்கை எழுதிக்கொண்டிருக்கும். அது தவறு என்று அதற்குத் தெரியாது. நாம்தான் பார்த்திருக்கவேண்டும்.

அணிதல்

ஆளுக்கு ஒரு கருவி என்பது முதல் விதி. இருவர் அருகருகே நீந்தினாலும் ஒருவர் இரண்டு மீட்டர் தாழ்ந்து போகக்கூடும். ஒருவர் கணக்கு மற்றவர்க்கு ஆகாது. இருவர் கருவிகளும் வெவ்வேறு எண்களைக் காட்டினால், குறைந்த நேரம் காட்டும் கருவிக்கே இருவரும் பணியவேண்டும்.

ரப்பர் உடையின்மேல் அணியும்போது வாரை இறுக்கமாகக் கட்டவேண்டும். ஆழத்தில் உடையின் ரப்பர் அழுந்தி மெலியும். கரையில் இறுக்கமாக இருந்த வார் அங்கே தளர்ந்து, கருவி கையைச் சுற்றி உருளும். இழுபடும் வார் இதற்கு ஏற்றது. எந்தக் கை என்பதில் பிடிவாதம் வேண்டா. ஆனால் மிதவைச் சட்டையின் காற்றைத் திறந்துவிட இடக்கையையே உயர்த்துவது வழக்கம். அக்கையிற் கருவி இருந்தால், உயர்த்திய நேரத்தில் எண்களைப் படிக்க இயலாது. உடல் இருக்கும் ஆழத்தைவிட அரை மீட்டருக்கு மேலும் குறைத்துக் காட்டும். 5 மீட்டரில் நிற்கும்போது கருவியை மார்பளவில் வைத்துப் படித்தல் நன்று.

நீரில் இறங்குமுன் கரையிலேயே கருவியை உயிர்ப்பித்து, மின்கலம், வாயு விகிதம் இரண்டையும் பார்த்துக்கொள்ளவேண்டும். மேலேறும்போது நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேற்படலாகாது. மிகுந்தால் கருவி ஒலித்து எச்சரிக்கும். 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவது எல்லா முழுக்குக்கும் நல்ல பழக்கம். நீரினுள் கருவி நின்றுபோனால், அன்றைய முழுக்கு முடிந்தது என்று கொண்டு மெதுவாக மேலேறிவிடவேண்டும். அடுத்த 24 மணி நேரம் முழுக வேண்டா. புதுக் கருவிக்கு நம் பழைய கணக்குத் தெரியாது. நாள் முடிவில் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி வைத்தால் கருவி நெடுநாள் உழைக்கும்.

கடல் முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. விமானத்தினுள் அழுத்தம் ஏறத்தாழ முக்கால் வளிமண்டலமே. ஒரே ஒரு முழுக்குக்குப்பின் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் பல முழுக்குக்குப்பின் 18 மணி நேரமும் பறவாதிருத்தல் வேண்டும். பயணச்சீட்டு வாங்கும்போதே கடைசி நாளை ஓய்வுக்கு ஒதுக்கிவிடுவது அறிவுடைமை. கடற்கரையிலிருந்து நேரே உயர்ந்த மலைக்குப் பேருந்தேறுவதும் இதே வகையைச் சேர்ந்தது.

கருவி அறியாதவை

இக்கருவி அறிந்தவை மிகச் சிலவே: அழுத்தம், நேரம், நாம் குறித்துக் கொடுத்த வாயு விகிதம். சில கருவிகள் நீரின் குளிரையும் அளக்கும். அதன் பதினாறு திசுக்களும் கணக்கில் உள்ளவை. நம் உடலில் அவற்றுக்கு நேரான உறுப்புகள் இல்லை. முந்திய இரவு நாம் உறங்கவில்லை என்பதும், போதிய நீர் பருகவில்லை என்பதும், நீரோட்டத்தை எதிர்த்துக் கைகால் சலிக்க நீந்தினோம் என்பதும் அதற்குத் தெரியா. ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே, பிறந்தபின் மூடியிருக்கவேண்டிய சிறு வழி முழுதும் மூடாதிருக்கிறது. குமிழிகள் நுரையீரலில் வடிகட்டப்படாமல் அவ்வழியே தப்பிச் செல்லலாம். இதுவும் கருவிக்குத் தெரியாது. பெரும்பாலும் நமக்கும் தெரியாது. கருவி காட்டிய எல்லைக்குள்ளேயே இருந்தும் நோயுற்றவர்கள் உண்டு. முழுகி வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல், மிகுந்த சோர்வு தோன்றினால், 'கருவி சரியென்றுதான் காட்டிற்று' என்று ஆறுதல் கொள்ளாமல் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

ஆகவே, கருவி '5 நிமிடம்' என்று காட்டினால், அந்த ஐந்தும் நமக்கு உரியவை என்று எண்ணிக் கடைசி நிமிடம் வரை தங்குவது முறையன்று. எஞ்சிய நேரம் ஒற்றை இலக்கத்துக்கு வருமுன்பே மேல்நோக்கித் திரும்புவது நல்லது. கணக்குப்பிள்ளை நேர்மையாகக் கணக்கு எழுதுவான். கையிருப்பு முழுவதையும் செலவிடுவதா, சிறிது மிச்சம் வைப்பதா என்பதை முடிவு செய்யவேண்டியவர் வீட்டுக்காரரே.