மறதி வந்தால் சர்க்கரையையும் பாருங்கள்



நம் கூட்டமைப்பில் ஒரு குழுவில் நடந்தது இது. அந்த உறுப்பினருக்கு 65 வயது. குழு தொடங்கிய நாளிலிருந்து அவர் சேமிப்பு ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. திடீரென்று ஒரு மாதம், "பணத்தைப் போன வாரமே கொடுத்துட்டேனே" என்று ஊக்குநரிடம் சண்டைக்கு வந்தார். அடுத்த மாதமும் அதே சண்டை. பொய் சொல்கிறாரோ என்றுகூட நாம் பேசிக்கொண்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "ராத்திரி நாலு தடவை எழுந்திருச்சுப் போறாங்க, எந்நேரமும் தாகம்னு சொல்றாங்க" என்று மருமகள் சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. பரிசோதித்தால் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது.

சர்க்கரைக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, உடல் அசைவும் குறைந்தால் தசை இன்சுலின் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு குரலுக்கு வராத பிள்ளையைக் கத்திக் கூப்பிடுவோமே, அதுபோலக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டுவதுபோல் கணையம் ஓய்ந்துபோகும்போது சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது. அதற்குப் பல வருடம் ஆகலாம்.

நம் உடல் எடையில் மூளை 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடம்பின் சக்தியில் 20 பங்கு அதற்கே போகிறது. மூளையில் நினைவைக் காக்கும் இடத்திலும் இன்சுலினுக்கு வேலை உண்டு, அது தடைபடுகிறது. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்து முதியவர்களைக் கவனித்து 1999-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

எல்லா மறதிக்கும் சர்க்கரை காரணமில்லை. தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனவேதனை இவற்றாலும் வரும். மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விரதம் இருப்பது நம் பெண்களிடம் சகஜம். சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், பேச்சில் குழப்பம் வரும். நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். இப்படி அடிக்கடி இறங்குவதும் மூளைக்குக் கெடுதல்தான்.

பின்கழுத்து கருத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று தேய்க்கிறோம். அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம். தையல் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்து பாருங்கள். 80 செ.மீ.க்கு மேல் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்களுக்கு உணவைத் திருத்தி, நடக்கவும் சொல்லிக் கொடுத்ததில், அவர்களுக்கு அந்நோய் வருவது 100-க்கு 28 பங்கு குறைந்தது என்று சென்னை டாக்டர்கள் 2006-இல் காட்டினார்கள்.

அந்த அம்மாவுக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மறதி முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. பணம் வாங்கியதும் பாஸ் புக்கில் அவர் முன்னாலேயே எழுதி, தொகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறோம்.