சம்பளத்தை விட்டு பேக்கரி: மூட்டைக் கணக்கு சொல்லும் பாடம்



மைதா, சர்க்கரை, வனஸ்பதி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கடந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் பேக்கரி தொடங்குகிறேன் என்று நம் கடைப்படி ஏறுபவர், வேறொரு பேக்கரியில் பத்து வருடம் மாவு பிசைந்த மாஸ்டராக இருப்பார். இப்போது வருகிறவர்களில் வங்கி அதிகாரி இருக்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர் இருக்கிறார், கல்லூரி ஆசிரியர் இருக்கிறார். நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு, சிறிய அளவில் தரமான ரொட்டி சுட்டு விற்க வேண்டும் என்பது இவர்கள் ஆசை.

இது நமக்கு இரண்டு வகையில் சம்பந்தப்பட்ட விஷயம். ஒன்று, இவர்கள் நம்மிடம் கடனுக்குச் சரக்கு கேட்பவர்கள். மற்றொன்று, இவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். கடையில் உட்கார வேண்டாம் என்று நாம் படிக்க வைத்து அனுப்பிய பிள்ளை, வேலையை விட்டு வியாபாரத்துக்கே திரும்பி வருகிறேன் என்று சொன்னால், பெற்றவருக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாகத்தான் வரும். "வேண்டாம்" என்று அதட்டுவதாலும் பயனில்லை, "துணிந்து செய்" என்று தட்டிக் கொடுத்து அனுப்புவதும் போதாது. உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவதே நம் கடமை.

1. விடுகிற சம்பளம் எவ்வளவு?

மாதம் ரூ.40,000 கைக்கு வருகிறது என்றால், விடுவது ரூ.40,000 மட்டும் என்று நினைக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டும் 12 சதவீதம், பணிக்கொடை, குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு இவையெல்லாம் அதோடு போகின்றன. வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கும் சம்பளச் சீட்டும் போகிறது. ஆகவே ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவக் காப்பீட்டைத் தனியாக எடுத்துக் கொள்ள வேண்டும். பெரிய கடன் ஏதும் தேவையென்றால் அதையும் வேலையில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு வருட வீட்டுச் செலவுக்கான தொகையைக் கடை முதலோடு கலக்காமல், மனைவி பெயரில் தனி வைப்பாகப் போட்டுவிட வேண்டும். ஓவன் வாங்கப் பணம் போதவில்லை என்றாலும் இதைத் தொடக்கூடாது. கடையில் விற்பனை குறைந்த மாதத்தில் பிள்ளையின் படிப்புக் கட்டணத்துக்குக் கல்லாவில் கை வைப்பவர், அடுத்த மாதம் மைதாவுக்கு நம்மிடம் தவணை கேட்பார். பெரும்பாலான சரிவு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

2. ஒரு ரொட்டியின் கணக்கு

நூறு பங்கு மாவை அடிப்படையாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அளப்பதே பேக்கரிக் கணக்கு. சாதாரண ரொட்டிக்கு மாவு 100 என்றால் தண்ணீர் சுமார் 60, சர்க்கரை 6, கொழுப்பு 3, ஈஸ்ட் 2.5, உப்பு 2. இந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து ஏறக்குறைய 86 கிலோ பிசைந்த மாவு கிடைக்கும். அடுப்பில் ஈரம் வற்றி எடை குறையும் என்பதால் 400 கிராம் ரொட்டிக்கு 450 கிராம் மாவு வெட்ட வேண்டும். கை ஒட்டல், சேதாரம் போக, மூட்டைக்கு 185 ரொட்டி என்று வைத்துக் கொள்ளலாம்.

இனிச் செலவு. புரிவதற்காகச் சுற்று எண்களில் சொல்கிறேன். அவரவர் ஊருக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளவும்.

வாடகை ரூ.15,000
மின்சாரம், எரிபொருள் ரூ.14,000
மாஸ்டர் சம்பளம் ரூ.28,000
உதவியாளர் இருவர் ரூ.30,000
பேக்கிங், சுத்தம், பழுது ரூ.8,000
கடன் தவணை ரூ.15,000
வீட்டுச் செலவு ரூ.40,000

மொத்தம் மாதம் ரூ.1,50,000. நாளொன்றுக்கு ரூ.5,000. வீட்டுச் செலவையும் சேர்த்தே எழுதியிருப்பதைக் கவனிக்கவும். உரிமையாளர் சோறு சாப்பிடாமல் கடை நடத்த முடியாது. திட்ட அறிக்கை எழுதும் பலர் இந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ரொட்டி விலை ரூ.50, மூலப்பொருள் ரூ.20 என்றால் மிச்சம் ரூ.30. ரூ.5,000க்கு 167 ரொட்டி விற்க வேண்டும். தினமும் 20 ரொட்டி மிஞ்சுகிறது என்றால், அதில் போகும் ரூ.400ஐயும் சேர்த்து 180 விற்க வேண்டும். அதாவது 200 சுட வேண்டும். இதையே மளிகைக் கடைகளுக்கு 20 சதவீதக் கழிவில் போட்டால், ஒரு ரொட்டிக்கு மிச்சம் ரூ.20 ஆகிவிடும். ரிட்டன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் 250 விற்றாக வேண்டும்.

மொத்த வியாபாரிக்கு இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. ரொட்டியை மட்டும் நம்பிய கடை தன் செலவை ஈடுகட்ட, தினம் ஒரு மூட்டைக்கு மேல் மைதா காலியாக வேண்டும். மாதம் முப்பது மூட்டை எடுத்தவர் இருபதுக்கு வந்து, பிறகு பன்னிரண்டுக்கு வந்தால், அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் நம் பேரேடு சொல்லிவிடும். கேக், பப்ஸ், பிஸ்கெட் அதிகம் செய்யும் கடைக்கு மூட்டை குறைவாக இருக்கலாம். அப்போது சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருக்க வேண்டும். எல்லாமே இறங்கினால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

3. விலை கூடிய ரொட்டி விற்குமா?

புதிதாக வருபவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கடை ஈஸ்ட் போடாமல், நம் இட்லி மாவு போல இயற்கையாகப் புளிக்க வைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்துச் சுடும் ரொட்டியை ரூ.120க்கு விற்கலாம் என்கிறார்கள். மூலப்பொருள் ரூ.40 என்றாலும் மிச்சம் ரூ.80. தினம் 63 ரொட்டி போதும். கணக்கு சரிதான். ஆனால் தினம் 63 குடும்பம் அந்த விலை கொடுக்கும் ஊரா என்பதுதான் கேள்வி. சென்னை, கோவை போன்ற நகரங்களிலும், வெளிநாட்டவர் வந்து போகும் புதுச்சேரி, ஆரோவில் பகுதியிலும் இதற்கு வாடிக்கை உண்டு. சிறிய ஊரில் ரொட்டி என்பது இன்றும் பல வீடுகளில் காய்ச்சல்காரருக்கு வாங்குவதுதான்.

சிறிய ஊர்க்காரர் மனம் தளர வேண்டியதில்லை. தூத்துக்குடி மக்ரூனும் ஊட்டி வர்க்கியும் ஊர்ப் பெயரைச் சொல்லியே விற்கின்றன. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை இவற்றைக் கொண்டு செய்யும் மக்ரூன் பல நாள் கெடாமல் இருக்கும், வெளியூருக்கும் போகும். மறுநாளே பழசாகும் ரொட்டியோடு, ஒரு வாரம் தாங்கும் பண்டம் ஒன்றையும் வைத்திருப்பவருக்கு ரிட்டன் பயம் பாதியாகக் குறையும்.

4. கைத்தொழில் யாரிடம் இருக்கிறது?

மாஸ்டரை நம்பித் தொடங்கிய பேக்கரி, மாஸ்டர் ஊருக்குப் போன அன்று மூடியிருக்கும். உரிமையாளருக்கே மாவு பிசைந்து, அடுப்புப் பதம் பார்த்து, ரொட்டி எடுக்கத் தெரிய வேண்டும். மும்பை கொலாபாவில் 2004ல் தொடங்கிய தியோப்ரோமா பேக்கரியை இங்கே சொல்லலாம். அதைத் தன் சகோதரியோடு தொடங்கிய கைனாஸ் மெஸ்மன், அதற்கு முன் ஓபராய் ஹோட்டலில் கேக், இனிப்புப் பிரிவில் செஃப்பாக இருந்தவர். முதுகில் ஏற்பட்ட காயத்தால் அந்த வேலையைத் தொடர முடியாமல் போயிற்று. நல்ல வேலை போனது உண்மை, ஆனால் கையில் தொழில் இருந்தது. ஒரு கடையாக ஆரம்பித்தது பின்னாளில் பல நகரங்களுக்குப் பரவியது.

தொழில் தெரியாதவர் முதலில் கற்க வேண்டும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவை பேக்கரிப் பயிற்சி நடத்துகின்றன. அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரு நடப்புக் கடையில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து வேலை செய்து பார்க்க வேண்டும். வேலையை விடாமலே வாரக் கடைசியில் இதைச் செய்யலாம். உடம்பு தாங்குமா, குடும்பம் அந்த நேரக் கணக்குக்கு ஒத்துவருமா என்பது அப்போது தெரியும். பிறகு வீட்டு ஓவனில் சுட்டுத் தெரிந்தவர்களுக்கு விற்றுப் பார்க்கட்டும். உறவினர் முதல் முறை வாங்குவது பாசத்தால். மூன்றாவது வாரமும் தானே கேட்டு வாங்குகிறாரா என்பதே சோதனை.

5. வரியும் சட்டமும்

சாதாரண ரொட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேக், பிஸ்கெட்டுக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். ரொட்டியை உப்ப வைக்கச் சேர்த்து வந்த பொட்டாசியம் புரோமேட் 2016ல் தடை செய்யப்பட்டது. பழைய மாஸ்டர் யாராவது "ஒரு சிட்டிகை போட்டால் நன்றாக எழும்பும்" என்று சொன்னால் கேட்கக்கூடாது. மாட்டுவது உரிமையாளர்தான்.

6. நாம் செய்ய வேண்டியது

மொத்த வியாபாரிகளுக்கு: புதியவருக்கு முதல் மூன்று மாதம் ரொக்கத்துக்கே சரக்குப் போடுங்கள். இது கடுமை போலத் தோன்றும். உண்மையில் அவருக்கு அது பாதுகாப்பு. அதன்பின் ஒரு வாரக் கடன், பழைய பாக்கி தீர்ந்த பிறகே அடுத்த சிட்டை. மூன்று சிட்டை நிலுவையில் நின்றால் சரக்கை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். எங்கள் பகுதியில் பத்தொன்பது வருட வேலையை விட்டுப் பேக்கரி வைத்த ஒருவர் பதினான்கு மாதத்தில் கடையை மூடினார். மிக்சரையும் ஓவனையும் விற்று எல்லாப் பாக்கியையும் தீர்த்தார். வீட்டுப் பத்திரம் மட்டும் அடகுக்குப் போகவில்லை. காரணம், சரக்குப் போட்ட யாரும் அவருக்கு அளவுக்கு மீறிக் கடன் கொடுத்திருக்கவில்லை. இன்று அவர் வேறொரு வேலையில் கௌரவமாக இருக்கிறார்.

சரக்கிலும் உதவலாம். ரொட்டிக்குப் பசைத்தன்மை கூடிய மாவு வேண்டும், கேக்குக்குக் குறைந்தது வேண்டும். மில் மாறினால் தண்ணீர் அளவும் மாறும். எனவே மில்லை மாற்றும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால் ஒரு நாள் ரொட்டி முழுவதும் வீணாகலாம்.

மளிகைக் கடைக்காரர்களுக்கு: உள்ளூர்ப் புதியவரின் ரொட்டியைப் பத்து எண்ணிக்கையில் வாங்கி வையுங்கள். கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ரிட்டனைக் குறைக்க, எந்தக் கிழமையில் எத்தனை போகிறது என்று எழுதி அவருக்குக் கொடுங்கள். அந்தத் துண்டுச் சீட்டு அவருக்கு நீங்கள் தரும் கழிவை விடப் பெரிய உதவி. பணத்தை அன்றன்றே கொடுத்துவிடுங்கள்.

பிள்ளை வேலையை விடுகிறேன் என்று வந்தால் அவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. வீட்டுச் செலவுக்கு ஒரு வருடப் பணம் தனியாக இருக்கிறதா? மாஸ்டர் வராத அன்று நீ சுடுவாயா? தினம் எத்தனை விற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாயா? எந்தத் தேதியில், எவ்வளவு நஷ்டத்தில் நிறுத்துவாய்? நான்குக்கும் எண்ணோடு பதில் சொன்னால், முதல் மூட்டையை நீங்களே ரொக்கம் போட்டு வாங்கிக் கொடுத்து வாழ்த்தி அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் சம்பளம் வாங்கிக் கொண்டே தயாராகட்டும். அடுப்பு எங்கும் ஓடிப்போகாது.