கைப்பம்பா, காற்று சிலிண்டரா? 10 மீட்டர் ஏர் ரைபிளுக்குக் காற்று நிரப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தல்

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகளில் இன்று பெரும்பாலும் பயன்படுபவை, முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றால் இயங்கும் துப்பாக்கிகள். குழலுக்குக் கீழே திருகிப் பொருத்தப்படும் சிறு சிலிண்டரில் பொதுவாக 200 பார் வரை காற்று அடைக்கப்படுகிறது. அந்த அழுத்தத்தை ரெகுலேட்டர் எனப்படும் அழுத்தச் சீராக்கி ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குக் குறைத்துத் தர, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. பார் என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு மிக நெருங்கிய அலகு. கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் 10 பாரைத் தாண்டுவதே அரிது. ஆகவே துப்பாக்கிச் சிலிண்டரை நிரப்ப, உயரழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட கைப்பம்பு, அல்லது வேறிடத்தில் நிரப்பிக் கொண்டுவரும் பெரிய காற்று சிலிண்டர் ஆகிய இரண்டில் ஒன்றைப் பொதுவாக நாடவேண்டியிருக்கிறது.

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, தேவைப்படும் காற்றை லிட்டரில் கணக்கிடுவது. சிலிண்டரின் கொள்ளளவை, ஏற்றவேண்டிய அழுத்தத்தால் பெருக்கினால் போதும்: 0.2 லிட்டர் சிலிண்டரை 100 பாரிலிருந்து 200 பாருக்கு உயர்த்த, வெளியில் உள்ள சாதாரணக் காற்றில் 20 லிட்டர் வேண்டும். தகுதிச்சுற்றில் 75 நிமிடங்களில் 60 குண்டுகள் சுடப்படுகின்றன. முன்னோட்டக் குண்டுகளைச் சேர்த்தாலும், முழுதாக நிரப்பிய போட்டிச் சிலிண்டர் ஒன்று அதற்குத் தாராளமாகப் போதும். ஒருவருடைய தேவை இவ்வளவு சிறியது என்பதே கைப்பம்பைப் பொருட்படுத்தத்தக்க தேர்வாக்குகிறது. அதிக விசையும் பெரிய புட்டியும் கொண்ட பிற வகைக் காற்றுத் துப்பாக்கிகளுக்கு இதே கணக்கைப் போட்டால் பம்பு அங்கேயே கழிந்துவிடும்.

இரண்டாவதாக, அந்த 20 லிட்டரைக் கையால் ஏற்ற ஆகும் உழைப்பை மதிப்பிடவேண்டும். உயரழுத்தப் பம்பு உருவத்தில் சைக்கிள் பம்பை ஒத்திருந்தாலும், உள்ளே பெரும்பாலும் மூன்று கட்டங்களாகக் காற்றை அழுத்துகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பிஸ்டன் சிறுத்துக்கொண்டே போகிறது. ஓர் அடிக்கு 0.2 லிட்டர் காற்று உள்ளே போவதாகக் கொண்டால், மேற்சொன்ன நிரப்பலுக்கு 100 அடிகள்; கசிவையும் குழாயில் தங்கும் காற்றையும் சேர்த்தால் அதற்கும் மேல். அடிகளின் எண்ணிக்கையைவிடக் கடைசி அடிகளின் கனமே பெரிய தடை: 200 பார் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 200 கிலோ எடை அமர்வதற்குச் சமம் என்பதால், கடைசிப் பிஸ்டனின் முகப்பு 0.4 சதுர சென்டிமீட்டரே ஆனாலும் அதை அழுத்த 80 கிலோ வேண்டும். 45 கிலோ எடையுள்ள பள்ளி மாணவியால் பம்பின் கைப்பிடியைக் கடைசிவரை இறக்க இயலாது. அப்படியொரு மாணவி பயிற்சி செய்யும் வீட்டில் பம்பு வாங்குவது என்றால் தினமும் பம்பு அடிப்பவர் யார் என்பதையும் சேர்த்தே முடிவு செய்வது என்று பொருள்.

மூன்றாவதாகக் கவனிக்கவேண்டியது ஈரம். பம்பைப் பற்றிய விளம்பரங்கள் அதிகம் பேசாத பகுதி இதுவே. வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் 80 விழுக்காடுமாக இருக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி கலந்திருக்கும். அந்தக் கணக்கில் 20 லிட்டர் காற்றோடு அரை கிராம் நீர், அதாவது சுமார் பத்துத் துளிகள், பம்புக்குள் நுழைகின்றன. அழுத்தப்பட்டுச் சுருங்கிய காற்று அதில் மிகச் சிறு பங்கையே ஆவியாகத் தாங்கும் என்பதால் மீதி நீராகிப் பம்பிலும் குழாயிலும் தங்குகிறது. ஒரு பகுதி துப்பாக்கிச் சிலிண்டருக்குள்ளும் போய்ச் சேர்ந்து, நாளடைவில் வால்வையும் ரெகுலேட்டரையும் அரிக்கிறது. கடலோரத்தில் பம்பைத் தேர்ந்தெடுப்பவர், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வடிகட்டியைத் துணைப்பொருளாகக் கருதாமல் பம்பின் பகுதியாகவே கருதி வாங்கி, மணிகள் நிறம் மாறியதும் புதுப்பிக்கவேண்டும்.

நான்காவது படி, பெரிய சிலிண்டர் உண்மையில் எத்தனை நிரப்பல்கள் தரும் என்று பார்ப்பது. காற்று அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மட்டுமே பாயும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். 200 பாருக்கு நிரப்பிய 7 லிட்டர் சிலிண்டரை வாங்கினால், முதல் நிரப்பலிலேயே துப்பாக்கி 197 பாரில் நின்று, அடுத்தடுத்துக் குறைந்துகொண்டே வரும். அதே 7 லிட்டர் சிலிண்டர் 300 பார் தாங்குவதாக இருந்தால், ஒவ்வொரு நிரப்பலுக்கும் ஏறத்தாழ 3 பார் மட்டுமே இறங்கி, 200 பாருக்கு வரும்வரை முழு நிரப்பல்கள் கிடைக்கும். எளிய வகுத்தலில் 35 என்று வரும் அந்த எண்ணிக்கை, உயரழுத்தத்தில் காற்று பாடநூல் விதிக்கு முழுமையாகக் கட்டுப்படாததால், நடைமுறையில் 30ஐ ஒட்டி அமையும். எனவே சிலிண்டர் என்று முடிவானால் 300 பார் சிலிண்டரே வாங்கத்தக்கது. 300 பார் வால்வின் திருகுபுரி ஆழமானது. 200 பாருக்கான இணைப்பான் அதில் முழுதாகப் பொருந்தாமல் காற்றைக் கசியவிடும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டிருப்பதால், இணைப்பானையும் அதே தரத்தில் வாங்கவேண்டும்.

முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி ஐந்தாவதாக வருகிறது: காலியான சிலிண்டரை எங்கே நிரப்புவது? உயரழுத்தக் கம்ப்ரஸர் உள்ள துப்பாக்கிச் சுடும் சங்கமோ, புதுச்சேரியில் இருப்பதுபோன்ற ஸ்கூபா மூழ்கு பயிற்சி நிலையமோ எட்டும் தூரத்தில் இருந்து, அவர்கள் வெளியார் சிலிண்டரையும் 300 பார் வரை நிரப்பித் தருவார்கள் என்று கேட்டு உறுதிசெய்த பிறகே சிலிண்டர் வாங்கலாம். தொழிற்சாலை வாயு விற்பவரிடம் போய் நிற்பது ஆபத்து. அங்கே தவறுதலாகக்கூட ஆக்சிஜன் ஏறிவிடக் கூடாது, ஏனெனில் உயரழுத்த ஆக்சிஜன் சிறிதளவு எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டாலே தீப்பற்றி வெடிக்கும். இந்தியாவில் வாயு சிலிண்டர்கள் நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அதன் ஒப்புதலும், உள்ளே நீரை நிரப்பி அழுத்திப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் நடந்த தேதியும் கழுத்திலோ முகப்பிலோ பொறிக்கப்படாத சிலிண்டரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்குவதே நல்லது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அருகில் நம்பகமான நிரப்புமிடம் இல்லாத ஊரில் ஒரே துப்பாக்கி வைத்திருப்பவருக்குப் பம்பும், ஒரே கூரையின்கீழ் இரண்டு மூன்று பேர் பயிற்சி செய்யும் இடத்துக்கும் இளையோருக்கும் சிலிண்டரும் பொருந்தும். நிரப்புமிடம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தாலும், 30 நிரப்பலுக்கு ஒருமுறை போவது பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடியதே.

பம்பைப் பயன்படுத்தும்போது, துப்பாக்கியிலிருந்து கழற்றிய சிலிண்டரை அதற்குரிய இணைப்பானில் திருகி, காற்று வெளியேற்றும் திருகை மூடிவிட்டு, கைப்பிடியை மேலே முழுதாக இழுத்து ஒரு கணம் நிறுத்தி, முழங்கையை மடக்காமல் முழங்காலை மடக்கி, உடல் எடையால் அடிவரை இறக்கவேண்டும். முதல் சில அடிகளில் கேஜின் முள் விரைந்து ஏறுவது குழாய் நிரம்புவதால்தான். அது சிலிண்டரில் ஏற்கெனவே உள்ள அழுத்தத்தை எட்டிய பிறகே வால்வு திறந்து உண்மையான நிரப்பல் தொடங்குகிறது, முள்ளும் மெதுவாகிறது. ஐம்பது அடிகளுக்கு ஒருமுறை நிறுத்தி வெளியேற்றும் திருகைத் திறந்தால் காற்றோடு நீர்ச் சாரலும் வெளிவரும், பம்பும் ஆறும். போட்டியன்று காலையில் பம்பு அடித்த தோள்கள் துப்பாக்கியை அசையாமல் தாங்காது என்பதால், அந்த வேலையை முந்தைய மாலையே முடித்துவிடவேண்டும்.

சிலிண்டரிலிருந்து நிரப்பும்போது வால்வை மிகச் சிறிதே திறந்து, முள் ஊர்ந்து ஏறும்படி விடவேண்டும். வேகமாகப் பாயும் காற்று சூடாகி 200 பார் காட்டிவிட்டு, ஆறியதும் இறங்கிவிடும். நிரம்பியதும் முதலில் பெரிய சிலிண்டரின் வால்வை மூடி, குழாயில் எஞ்சிய காற்றை வெளியேற்றிய பின்னரே இணைப்பைக் கழற்றவேண்டும். இரு முறைகளிலும் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தவிர வேறெந்த எண்ணெயும் ஆகாது. பெரிய சிலிண்டரை ஒருபோதும் முற்றிலும் காலியாக விடாமல் சில பார் மிச்சம் வைத்தால் வெளியீரம் உள்ளே புகாது. துப்பாக்கிச் சிலிண்டரிலும் காலாவதித் தேதி உண்டு. பொதுவாக அது தயாரிப்பிலிருந்து 10 ஆண்டுகள் என்பதையும், செல்லுபடியாகும் சிலிண்டரோடு களத்துக்கு வருவது வீரரின் பொறுப்பே என்று பன்னாட்டுச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகள் கூறுவதையும் கருத்தில் கொண்டு, பழைய துப்பாக்கி வாங்குபவர் விலை பேசுமுன் அந்தத் தேதியைப் படித்துக்கொள்ளவேண்டும்.