கங்கைக் கரைக் கிராமமும் அதன் நிலப்பாங்கும்

ஆற்றங்கரையில் ஊர் அமைத்து வாழ்வது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கமாகும். குடிக்க நீரும், பயிரிட வண்டலும், பண்டங்களை ஏற்றிச் செல்லப் படகுத்துறையும் ஒருங்கே கிடைக்கும் இடத்தை விட்டு வேறிடம் நாடுவார் எவருமிலர். ஆயினும் ஊரைத் தந்த ஆறே அதனைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. மேற்கு வங்காளத்தின் மால்டா மாவட்டத்தில், காலியாச்சக் இரண்டாம் வட்டாரத்தில், காக்ரிபந்தா ஜாவுபோனா என்றொரு கிராம பஞ்சாயத்து இருந்தது. தேர்தல் நடந்து, உறுப்பினர்கள் கூடி, தீர்மானப் புத்தகம் எழுதி வந்த பஞ்சாயத்து அது. இன்று அது இல்லை. அதன் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கங்கையில் கரைந்து போனமையால், பஞ்சாயத்தும் ஏட்டிலிருந்து நீங்கிற்று.

அதே வட்டாரத்தில், அதே இடக்கரையில் உள்ளது பஞ்சானந்தபூர். ஒரு காலத்தில் பெரிய சந்தையும் உயர்நிலைப் பள்ளியும் சுறுசுறுப்பான படகுத்துறையும் கொண்டு விளங்கிய ஊர். பழைய ஊர் இருந்த இடத்தில் இப்பொழுது ஆறு ஓடுகிறது. ஊரின் பெயர் மட்டும் மக்களோடு உட்புறம் நகர்ந்து வந்திருக்கிறது. இவ்வூரை முன்வைத்து, ஆற்றங்கரை நிலம் எவ்வாறு அமைகிறது, எவ்வாறு அழிகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இதனை அறிந்திருப்பது பயனுடையது. பள்ளிக்கு இடம் தேர்வதும், சாலைக்கு மண் போடுவதும், கிணறு தோண்டுவதும் நிலத்தின் பாங்கை அறியாமல் செய்யத்தக்க காரியங்கள் அல்ல.

மால்டா மக்கள் தங்கள் மாவட்டத்தை நெடுங்காலமாக மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பேசுகின்றனர். மகாநந்தா ஆற்றுக்குக் கிழக்கே இருப்பது பரிந்த். அது பழைய வண்டல்; செந்நிறமாய், கெட்டியாய், மேடாய் இருக்கும். மகாநந்தாவுக்கு மேற்கே, காலிந்திரி ஆற்றுக்கு வடபால் இருப்பது தால். மழைக்காலத்தில் ஏரி போல நீர் தேங்கும் தாழ்நிலம். காலிந்திரிக்குத் தென்பால், கங்கையை ஒட்டி இருப்பது தியாரா. இது ஆறு அண்மைக் காலத்தில் கொண்டுவந்து குவித்த புது வண்டல். மால்டாவின் பெயர் பெற்ற மாந்தோப்புகளும், காலியாச்சக்கின் பட்டுப்பூச்சிக்கு இரை தரும் மல்பெரித் தோட்டங்களும் தியாராவின் செல்வம். மக்கள் நெருக்கமும் இங்கேதான் மிகுதி. வளம் மிக்க மண்ணே உறுதி குறைந்த மண்ணாகவும் இருப்பது இப்பகுதியின் இயல்பு. ஊர்ப் பெயர்களும் இதற்குச் சான்று பகர்வன போலத் தோன்றுகின்றன. ஜாவு என்பது ஆற்று மணலில் தானே முளைக்கும், சவுக்கைப் போன்ற ஒரு சிறு மரம். போன் என்றால் காடு. ஜாவுபோனா என்று பெயரிட்ட முன்னோர், அவ்விடம் ஒரு காலத்தில் ஆற்றுத் திட்டாக இருந்ததைக் கண்டவர்களாக இருத்தல் கூடும்.

இனி, ஊரின் குறுக்கே ஒருமுறை நடந்து பார்ப்போம். ஆற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நிலம் உயர்ந்துகொண்டே போகும் என்று எண்ணுவது இயல்பு. வங்காளச் சமவெளியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஆற்றை ஒட்டிய விளிம்பே மேடு. உள்ளே செல்லச் செல்லப் பள்ளம். இதன் காரணம் எளிது. வெள்ளம் கரை புரண்டவுடன் நீரின் வேகம் தளர்கிறது. வேகம் தளர்ந்ததும் பருமணலும் கனத்த வண்டலும் கரையருகிலேயே படிந்துவிடுகின்றன. மெல்லிய களிமண் மட்டும் நீரோடு நெடுந்தூரம் சென்று, தேங்கும் இடத்தில் மெதுவாக அடங்குகிறது. ஆண்டுதோறும் இவ்வாறு நடப்பதால் ஆற்றின் இருமருங்கிலும் இயற்கையே ஒரு மேட்டை எழுப்பி விடுகிறது. அதன் பின்புறத்தில் நீர் வடியாத பள்ளம் அமைகிறது. அப்பள்ளத்தை வங்காளிகள் ‘பீல்’ என்பர்.

மண்ணையும் அவர்கள் இவ்வாறே வகைப்படுத்துகின்றனர். கரையோர மணற்பாங்கு ‘பேலே’. நடுவிலுள்ள மணலும் களியும் கலந்த மண் ‘தோவாஷ்’. பீலின் கரிய களிமண் ‘ஏட்டேல்’. ஈரமண்ணை உள்ளங்கையில் வைத்துத் திரித்தால் பேலே உதிர்ந்துவிடும். தோவாஷ் உருண்டையாகும், ஆனால் கயிறாக நீளாது. ஏட்டேல் கயிறு போலத் திரிந்து வளையும். ஆய்வுக்கூடம் வேண்டாத இச்சோதனையை எந்த விவசாயியும் எந்த மண்ணிலும் செய்து பார்க்கலாம்.

வீடுகள் மேட்டின்மீது வரிசையாக, ஆற்றோடு ஆறாக நீண்டு செல்லும். வட்டமான ஊர்கள் இங்கே அருமை. வீட்டருகில் குளம் வெட்டி, அம்மண்ணைக் கொண்டு வீட்டு மனையை உயர்த்துவது வங்காளத்து முறை. குளத்தில் மீன், மேட்டில் மா, பலா, மூங்கில். நடுநிலத்தில் சணலும் நெல்லும் விளைகின்றன. சித்திரை வைகாசியில் விதைத்து ஆவணியை ஒட்டி அறுப்பது ஆவுஸ் நெல். ஆடியில் நட்டுக் கார்த்திகை மார்கழியில் அறுப்பது ஆமன். குளிர்காலத்தில் பீலின் ஓரங்களில் நட்டுச் சித்திரையில் அறுப்பது போரோ. அறுத்த சணலை ஊறவைத்து நார் எடுப்பதற்கும் பீலின் நீரே உதவுகிறது. வெள்ளம் வடிந்தவுடன் புதுச் சேற்றின்மீது உழாமலேயே உளுந்தைத் தூவி விடுவது தியாராவின் தனிச்சிறப்பு. அந்த உளுந்து மாவில் சுடும் ரொட்டி அப்பகுதி மக்களின் விருப்பமான உணவு.

இங்கே ஒன்று கூற வேண்டும். மேடு ஆற்றோரத்திலும் பள்ளம் உட்புறத்திலும் இருப்பதால், உள்ளே புகுந்த வெள்ளம் தானாக ஆற்றுக்குத் திரும்பாது. ‘கால்’ எனப்படும் ஓடைகள் வழியாகவே அது வடிய வேண்டும். அவ்வோடையின் குறுக்கே போதிய மதகு வைக்காமல் சாலை போட்டுவிட்டால், சாலை வந்ததென்று மகிழ்ந்த ஊரே மறுமழையில் இரண்டு மாதம் நீரில் நிற்கும். சாலைக்கு மதிப்பீடு தயாரிக்கும்போது மதகின் செலவைக் குறைக்கச் சொல்லும் உறுப்பினர்களை நான் அறிவேன். அவர்கள் ஒருமுறை மழைக்காலத்தில் அவ்விடத்தைச் சென்று பார்ப்பது நலம்.

புது வண்டலுக்கு மற்றொரு குறையும் உண்டு. காலியாச்சக் வட்டாரங்களில் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகள் பலவற்றின் நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; சோதனை ஒன்றே அறியும் வழி.

இனி ஆற்றின் வளைவுக்கு வருவோம். ஆறு வளையும் இடத்தில் வெளிப்புறக் கரையை நீர் வேகமாக மோதி அரிக்கும். உட்புறத்தில் வேகம் குறைந்து மணல் சேரும். எனவே ஒரு கரை தேயும்போது எதிர்க்கரை வளரும். இது எல்லா ஆறுகளுக்கும் பொது. பஞ்சானந்தபூரின் நிலையில் வேறு இரண்டு செய்திகளும் சேர்ந்தன. எதிர்ப்புறத்தில், இப்போதைய ஜார்க்கண்டு மாநிலத்தில், ராஜ்மஹால் குன்றுகள் நிற்கின்றன. அவை எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. அதனைக் கங்கையால் எளிதில் அரிக்க இயலாது. இடப்புறமோ தியாராவின் மெல்லிய மண். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மணல் என்றால் ஆறு எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது செய்தி பராக்கா அணைக்கட்டு. ஹூக்ளி ஆற்றில் மண் தூர்ந்து கல்கத்தாத் துறைமுகம் கெடாமலிருக்க, கங்கையின் நீரில் ஒரு பகுதியைத் திருப்பிவிட வேண்டுமெனத் திட்டமிடப்பட்டது. 1961-இல் வேலை தொடங்கி, 1975 ஏப்ரலில் அணை இயங்கத் தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அணையும், சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயும் இத்திட்டத்தின் உறுப்புகள். வினாடிக்கு 40,000 கன அடி நீரைத் திருப்புவது நோக்கம். அணையின் மேற்புறத்தில் நீர் தேங்குவதால் வேகம் குறைந்து வண்டல் ஆற்றின் நடுவிலேயே படிந்து திட்டுகளாகிறது. நீர் அத்திட்டுகளைச் சுற்றிக்கொண்டு இடக்கரையை நாடுகிறது. மேற்கு வங்காளப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா, அணை கட்டுமுன்னரே, இதனால் மால்டா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் வெள்ளத் துன்பம் பெருகும் என எச்சரித்தார். ஆயினும் அரிப்பு முழுவதையும் அணையின்மேல் ஏற்றுவது நேர்மையன்று. கங்கை இப்பகுதியில் அணைக்கு முன்னரும் அலைந்த ஆறுதான். வங்காளத்தின் பழைய தலைநகரமான கௌர் மாநகரம் கைவிடப்பட்டதற்குக் கொள்ளைநோயோடு ஆறு விலகிப் போனதும் ஒரு காரணம் என்பர். பஞ்சானந்தபூருக்கு அருகே பிரியும் ஒரு சிற்றாறு கங்கையின் பழைய தடங்களில் ஒன்று. அதற்கு மக்கள் இட்ட பெயர் பாக்லா. பித்தன் என்று பொருள். கங்கை கரையை உடைத்து அந்தப் பழைய தடத்தில் புகுந்துவிடின், அணையையே ஒதுக்கிவிட்டு ஓடும் என்ற அச்சம் வல்லுநர்களிடம் இருந்து வந்திருக்கிறது.

கரை எப்பொழுது விழும்? பெருவெள்ளத்தின் உச்சத்தில் விழும் என்றே பலரும் நினைப்பர். வெள்ளம் இறங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களே மிகவும் அஞ்சத்தக்கவை. கரையின் மேலடுக்கு வண்டல் கலந்த களி, அடியடுக்கு நுண்மணல். வெள்ளத்தில் ஊறிய கரைக்கு ஆற்றுநீரே ஒரு முட்டுக்கொடுத்து நிற்கிறது. நீர் சட்டென்று இறங்கியதும் முட்டு நீங்குகிறது. ஊறிய நீர் மணலோடு அடியில் கசிந்து வெளியேறுகிறது. மேலடுக்கு கூரை போலத் தொங்குகிறது. முதலில் கரைக்கு இணையாக, நிலத்தில் ஒரு மயிரிழை வெடிப்புத் தோன்றும். பின்னர் அவ்வெடிப்புக்கு இப்பாலுள்ள நிலம் முழுதும் மரத்தோடும் வீட்டோடும் சரிந்துவிடும். ஆதலால், வெள்ளம் வடிந்தது, ஆபத்து நீங்கிற்று என்று பொருள்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது தவறு.

அரசாங்கம் வாளாவிருந்ததென்று சொல்லிவிட முடியாது. 1980-இல் பிரீதம் சிங் குழுவும், 1996-இல் கேஷ்கர் குழுவும் நிலைமையை ஆராய்ந்து கரைக் காப்பு வேலைகளைப் பரிந்துரைத்தன. ஆற்றுக்குள் நீட்டிய கல் தடுப்புகளும், கம்பி வலையில் கட்டிய பாறைகளும் இடப்பட்டன. மண் கரைகள் எழுப்பப்பட்டன. ஒரு கரையை ஆறு தின்றதும் அதன் பின்னால் மற்றொரு கரை. அதுவும் போனதும் இன்னும் பின்னால் வேறொன்று. இவ்வாறு பின்வாங்கிக் கட்டும் ஒவ்வொரு கரைக்கும் விவசாயியின் நிலமே தேவைப்பட்டது. முன்கரைக்கும் பின்கரைக்கும் இடையே சிக்கியவர்கள் வெள்ளத்திற்கு விடப்பட்டவர்களாயினர். 1998-ஆம் ஆண்டு வெள்ளம் மால்டாவைக் கடுமையாகத் தாக்கிற்று. நிலம் இழந்தோர் பலர் அந்தக் கரைகளின் மேலும் சாலை ஓரங்களிலும் குடிசை போட்டனர். மாந்தோப்பு உடையவர், மரம் ஆற்றில் விழுமுன் அதனை வெட்டி விறகாக விற்றார். செங்கல் வீடு உடையவர் சுவரைத் தாமே இடித்துச் செங்கலைச் சுமந்து சென்றார்.

கரைந்த நிலம் எங்கே போயிற்று? அதில் ஒரு பகுதி எதிர்ப்புறத்தில் திட்டாக எழுந்தது. இதனை வங்காளிகள் ‘சர்’ என்பர். முதலில் மணல், அடுத்து நாணலும் ஜாவும், சில ஆண்டுகளில் வண்டல் படிந்து தர்ப்பூசணியும் உளுந்தும். நிலமிழந்தோர் படகேறி அங்கே குடியேறினர். ஆனால் அத்திட்டு ஜார்க்கண்டுக் கரையை ஒட்டி நின்றது. ஜார்க்கண்டு மாநிலம் 2000 நவம்பரில் அமைந்தது. தாங்கள் எந்த மாநிலத்தவர், எந்தப் பஞ்சாயத்தின் வாக்காளர், ரேஷன் அட்டையும் பள்ளியும் யாரிடம் கேட்பது என்ற வினாக்கள் அம்மக்களின் அன்றாடத் துன்பமாயின. ஆற்றைத் தாண்டியிருப்பதால் ஒரு மாநிலத்துக்குத் தொலைவு. பழைய ஏட்டில் இல்லாததால் மற்றொரு மாநிலத்துக்கு அயலார்.

இத்தகைய நிலத்தின் உரிமை பற்றி வங்காளத்தில் 1825-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கரையோரமாகச் சிறிது சிறிதாகச் சேரும் நிலம் அடுத்துள்ள நிலத்துக்குரியவரைச் சேரும். ஆறு திடீரெனத் தடம் மாறி, அடையாளம் காணத்தக்கவாறு ஒருவரது நிலத்தை மறுபக்கம் விட்டுவிட்டால், அது பழைய உடையவருக்கே உரியது. பேராற்றின் நடுவே எழும் திட்டுக்கும் கரைக்கும் இடையே எப்பருவத்திலேனும் நடந்து கடக்கக் கூடுமாயின், அது அண்மை நிலத்தாரைச் சேரும். கடக்க இயலாத ஆழமாயின் அரசாங்கத்தைச் சேரும். விடுதலைக்குப் பின் வந்த 1953, 1955-ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஜமீன் முறையை நீக்கி நில உரிமையையே புதிதாக வகுத்தன. எந்தச் சட்டமாயினும், தம் நிலம் எது என்று காட்டும் பொறுப்பு உரிமை கோருபவரை விட்டு நீங்குவதில்லை. எல்லைக்கல்லும் வரப்பும் மரமும் ஆற்றில் போனபின் அவர் காட்டக்கூடியது காகிதம் ஒன்றே. அக்காகிதமும் வீட்டோடு போய்விட்டவர் என்ன செய்வார்?

ஆகவே ஆற்றோரப் பஞ்சாயத்துகள் பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடிய சில காரியங்களை இங்கே கூறுதல் தகும். கரை விளிம்பிலிருந்து நேர்க்கோட்டில், இருபது தப்படிக்கு ஒன்றாக மூங்கில் முளைகளை அடித்து, கோவில் மதில், மசூதிச் சுவர், பாலம் போன்ற அசையாத ஒரு குறியிலிருந்து அவற்றின் தூரத்தை அளந்து ஏட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறையும், வெள்ளம் இறங்கும் இரு மாதங்களில் வாரம் ஒருமுறையும் எத்தனை முளைகள் போயின என்று குறித்து வந்தால், மூன்றாண்டில் ஆற்றின் போக்கு எவருக்கும் விளங்கும். பொறியாளர் வரும்போது வாய்ச்சொல்லுக்குப் பதில் அவ்வேட்டைக் காட்டலாம். வெளிவளைவிலுள்ள கரையோரத்தில் பள்ளியோ, தானியக் கிடங்கோ, பஞ்சாயத்துக் கட்டிடமோ கட்டத் தீர்மானிக்குமுன் அவ்வேட்டைப் பார்ப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். கிராம வரைபடம், நில உரிமைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், பிறப்பு இறப்புப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட படிகளை ஆற்றுக்கு அப்பாலுள்ள வட்டார அலுவலகத்தில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் தன் பட்டாவின் படியை உள்நாட்டிலுள்ள உறவினர் வீட்டில் வைக்குமாறு கிராமக் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். புரட்டாசி பிறக்குமுன் ஒரு கூட்டம் போதும்.