பழைய டிராக்டர் வாங்கப் போறியா தம்பி? இதையெல்லாம் பாரு!

"மாஸியா, ஃபோர்டா?" சண்டை ரொம்பப் பழசு. 1938-ல ஹென்றி ஃபோர்டும், மாஸி ஃபெர்குசன் பேர்ல இருக்கிற ஹாரி ஃபெர்குசனும் கைகுலுக்கிக் கூட்டுச் சேர்ந்தாங்க. அப்புறம் பிரிஞ்சு கோர்ட்டுக்குப் போய், 1952-ல ஃபெர்குசனுக்கு 92.5 லட்சம் டாலர் கிடைச்சது. அவர் கொண்டுவந்த லிஃப்ட் அமைப்பு இன்னிக்கு எல்லாக் கம்பெனி வண்டியிலயும் இருக்கு. அதனால பேரைப் பார்க்காதே. நிக்கிற வண்டியைப் பாரு.

1. என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. தொட்டுப் பார்த்துச் சுட்டா, முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். மாஸி 35-லயே முதல்ல வந்த 4 சிலிண்டர் டீசல் என்ஜின் குளிர்ல முரண்டு பிடிக்கும். அப்புறம்தான் பெர்கின்ஸ் 3 சிலிண்டர் வந்தது.

2. நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்ததும் குபுகுபுன்னு புகை வந்தா ரிங், லைனர் தேய்மானம். ஆயில் பால் காபி மாதிரி இருந்தா உள்ளே தண்ணி கலந்திருக்கு.

3. கலப்பையைத் தூக்கி என்ஜினை ஆஃப் பண்ணு. மெல்ல இறங்கினா பரவாயில்லை. மளமளன்னு இறங்கினா ஹைட்ராலிக்கில் கசிவு.

4. பழைய ஃபெர்குசன் டிஇ20-ல கிளட்ச்சை மிதிச்சா லிஃப்டும் நின்னுடும். அந்தக் குறைக்குத்தான் மாஸி 35-ல டூயல் கிளட்ச் வந்தது. நீ பார்க்கிறது டூயல் கிளட்ச் வண்டின்னா, பாதி மிதிச்சதும் சக்கரம் நிக்கணும், பிடிஓ சுத்தணும். முழுசா மிதிச்சா ரெண்டும் நிக்கணும்.

5. சேத்துழவு ஓட்டின வண்டியா? பின்சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிஞ்சிருந்தா ஆக்சில் சீல் போச்சு. பிரேக்கையும் அது கெடுத்திருக்கும். முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கிச் சக்கரத்தை ஆட்டு. ஆட்டம் இருந்தா கிங்பின் புஷ், பேரிங் செலவைக் கணக்குல சேர்த்துக்கோ.

6. உங்க ஊர்ல எந்த வண்டிக்கு மெக்கானிக்கும் ஸ்பேரும் சட்டுனு கிடைக்குதோ, அதுதான் நல்ல பிராண்ட். நடவு நேரத்துல ஒரு சீலுக்காக நாலு நாள் காத்திருக்க முடியாது.

7. ஆர்.சி.-யில இருக்கிற என்ஜின், சேஸிஸ் நம்பரை வண்டியோட ஒப்பிடு. கடன் பாக்கி இருந்தா பேங்க் என்ஓசி கேளு. பேர் மாறுற வரைக்கும் ஒரு தொகையை நிறுத்தி வை, தயங்காதே.