மலையில் ஏன் சிப்பி இல்லை?

ராஜபாளையம் பக்கம் வன்னியம்பட்டியில் நின்றால் மேற்கே மலை தெரியும். “அவ்வளவு பழைய மலையாச்சே, தோண்டினால் எலும்போ சிப்பியோ கிடைக்காமலா போகும்?” என்ற எண்ணம் பலருக்கும் உண்டு.

கிடைக்காது. சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்த இடத்தில்தான் பெரும்பாலும் புதைபடிவம் உருவாகும். ராஜபாளையம் வட்டாரப் பாறைகளோ, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் 900 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெந்தவை. உலகப் புவியியலாளர்களிடையே ராஜபாளையத்தின் பெயர் அடிபடுவதே இதற்காகத்தான். அந்தச் சூட்டில் எலும்பின் உருவமோ சிப்பியின் உருவமோ மிஞ்சாது.

வயதை எப்படிக் கண்டார்கள்? கார்பன் சோதனை என்பது அடுத்த தவறான நம்பிக்கை. கார்பன்-14 ஏறக்குறைய 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கப் போதுமான அளவு இராது. கீழடி அகழாய்வுக்கு அது உதவும், மலைக்கு உதவாது. பாறைக்குள் இருக்கும் சிர்க்கான், மோனசைட் என்னும் கனிம மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளக்கிறார்கள். யுரேனியம்-238 பாதியாக 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும்.

சிப்பி பார்க்க வேண்டுமானால் அரியலூருக்குப் போக வேண்டும். அங்கும் ஒரு நம்பிக்கை காத்திருக்கிறது: ‘கடல்கோளில் ஒதுங்கிய சிப்பிகள் இவை.’ ஒரே வெள்ளம் கொண்டுவந்திருந்தால் எல்லாம் கலந்து கிடந்திருக்கும். இங்கே வரிசை கலையவில்லை. பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், மேற்கே காரை என்ற ஊரில் தொடங்கிக் கிழக்கே நடக்க நடக்கப் பிந்தைய காலத்து அடுக்குகளை மிதிக்கிறோம். 1860களில் புவியியலாளர் பிளான்ஃபோர்டு இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என வரிசைப்படுத்தினார். காரையில் கிடைக்கும் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிர், கிழக்குக் கோடியில் நின்னியூர் அடுக்கில் இல்லை. டைனோசர்கள் அழிந்த சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேரழிவில் அதுவும் போய்விட்டது. மனிதன் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள்தான். இந்த அடுக்குகள் படிந்த பழங்கடலைப் பார்த்த மனிதர் எவரும் இல்லை. ராஜபாளையத்து ராம்கோ நிறுவனம், அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலடியில் படிந்ததே.

அம்மோனைட் நமக்கு அந்நியமானதும் அல்ல. வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் கண்டகி நதிச் சாளக்கிராமங்களில் பல, அம்மோனைட் படிவங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை அறிவதில் பெருமைதான் இருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது முட்டைக் கதை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. கடற்படிவில் கனிமம் திரண்டு உருண்டவை, கூடவே அம்மோனைட்டுகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். முட்டைச் செய்தி போன வேகத்தில் விளக்கம் போகவில்லை. அரியலூர்ப் பகுதியில் டைனோசர் எலும்புகள் கிடைத்தது உண்மை. அதற்காக உருண்டையான கல்லெல்லாம் முட்டையாகிவிடாது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரியலூர் அருகே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். காரைக்குப் போனால் எதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத சிப்பியை வைத்து ஆய்வாளரால் காலத்தைச் சொல்ல முடியாமல் போகலாம்.